பழசு திரும்பி வரும்வரை: தபாலில் சாமான் மாற்றுவோருக்கான பிணைக்காசு வழிகாட்டி

சின்ன வயதில் கடைக்குச் சோடா வாங்கப் போனது ஞாபகம் இருக்கும். "வெறும் போத்தல் கொண்டு வந்தியா மகன்?" என்பார் முதலாளி. கொண்டுபோகாவிட்டால் சோடாவின் விலைக்கு மேலே போத்தல் காசும் வைக்க வேண்டும். போத்தலைக் கொடுத்த அன்று காசு திரும்பக் கைக்கு வரும். பழைய ஹொண்டா மோட்டார் சைக்கிளோடு மாரடிக்கும் எங்களைப் போன்றவர்கள் தபாலில் உதிரிச் சாமான் மாற்றும்போது வாங்கும் பிணைக்காசும் இந்தப் போத்தல் காசின் தம்பிதான். ஒரு வித்தியாசம், போத்தல் உடைந்திருந்தால் கடைக்காரருக்குப் பார்த்தவுடன் தெரியும். எஞ்சினுக்குப் பெற்றோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் காபரேட்டர் உடைந்திருந்தால் கழற்றிப் பார்க்க வேண்டும், அப்போதும் எப்போது உடைந்தது, யார் கையில் உடைந்தது என்று தெரியாது.

காசைத் தூக்கிக்கொண்டு ஓடிய ஒருவரை நான் இதுவரை சந்திக்கவில்லை. ஆனால் "நான் அனுப்பினது நல்ல சாமான்", "எனக்கு வந்தது வெடிச்ச சாமான்" என்று இரண்டு நல்ல மனிதர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டதைக் கண்டிருக்கிறேன். அந்த இருவரில் ஒருவராக இருந்துமிருக்கிறேன். அதனால் இந்த வழிகாட்டியில் பாதி, காசைப் பற்றியதைவிடப் பழைய சாமானின் நிலையைப் பற்றியதாகவே இருக்கும்.

நான் மட்டக்களப்புக் கல்லடியில் இருக்கிறேன். பின்னேரங்களில் காபரேட்டர் கழற்றிப் பூட்டுவது பொழுதுபோக்கு. சீ.டி. 125 பென்லி, சீ.டி. 200 ரோட்மாஸ்டர், எம்.டி. 90 ஆகிய ஹொண்டா வண்டிகளின் சாமான்தான் என்னிடம் அதிகம் வரும். எம்.டி. 90 ஜப்பானில் தபால்காரர்களுக்காகச் செய்த வண்டி. அதன் சாமான் தபாலிலேயே ஊர் சுற்றுவது ஒரு வகையில் பொருத்தம்தான். இந்த வண்டிகளுக்குப் புதுச் சாமான் குதிரைக்கொம்பு. கொழும்பில் பழைய வாகனச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தைக்குப் போய்த் தேடலாம், ஆனால் மட்டக்களப்பிலிருந்து போய்வர ஒரு நாள் சம்பளமும் ஓர் இரவு நித்திரையும் போய்விடும். ஆகவே எங்களுக்குள் ஒரு மாற்று முறை: நான் திருத்தி வைத்திருக்கும் ஒன்றை உங்களுக்கு அனுப்புகிறேன், நீங்கள் அதைப் பூட்டி வண்டியை ஓட்டிக்கொண்டு, கழற்றிய பழசை எனக்கு அனுப்புகிறீர்கள். அதைத் திருத்தி அடுத்தவருக்குக் கொடுப்பேன். யாருடைய வண்டியும் கிழமைக்கணக்கில் முடங்கிக் கிடக்காது. பழசு வராவிட்டால் அடுத்தவருக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றுமிருக்காது. பிணைக்காசு வாங்குவது அதற்காகத்தான்.

எதற்கு வாங்குவது, எதற்கு வேண்டாம்

திருத்தி மறுபடி பாவிக்கக்கூடிய உடம்பு உள்ள சாமானுக்கு மட்டும் வாங்குங்கள். காபரேட்டர், புது லைனிங் ஒட்டிக் கொடுக்கும் பிரேக் ஷூ, மறுபடி சுற்றிய கொயில், வேகமானி, இப்படி. ஜெட், கேஸ்கெட், ரிங், கேபிள் போன்ற தேய்ந்தால் எறிகிற சாமானுக்குப் பிணைக்காசு கேட்பது வீண் வேலை. பழசு திரும்பி வந்தாலும் குப்பைக்குத்தான்.

இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சாமான் அனுப்புகிற மாற்றும் உண்டு. என்னிடம் ஒரு டேங்க் மூடி, உங்களிடம் ஒரு லைட் கூடு. அங்கே இரண்டாவதாகத் தபாலில் போடுபவர்தான் பிணைக்காசு வைக்க வேண்டும், ஏனென்றால் முதலில் அனுப்புகிறவர்தான் நம்பிப் போடுகிறார். இரண்டு பேரும் ஒரே நாளில் அனுப்பிப் பதிவுத் தபால் ரசீதின் படத்தைப் பரிமாறிக்கொண்டால் காசே தேவையில்லை.

மூன்று தொகை, மூன்று வரி

புதியவர்கள் செய்கிற முதல் பிழை, எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தொகையாகச் சொல்வது. "மொத்தம் 12,000, பழசு தந்தால் கொஞ்சம் திருப்பித் தருவேன்." இந்தக் 'கொஞ்சம்' என்ற சொல்தான் பிறகு சண்டையாகும். தொகையை மூன்றாகப் பிரித்து எழுதுங்கள். வேலைக்கூலியும் போட்ட புதுச் சாமானும் ஒரு தொகை, இது திரும்பாது. தபால் செலவு இன்னொன்று, ரசீதில் உள்ளபடி. மூன்றாவது பிணைக்காசு, இது முழுவதுமாகத் திரும்ப வேண்டியது.

பிணைக்காசு எவ்வளவு? நான் வைத்திருக்கும் அளவுகோல் எளிது: அதே பழசை வெளியில் வாங்குவதானால் எனக்கு என்ன செலவாகுமோ, அதைவிடக் கொஞ்சம் கூட. விளக்கத்துக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். ஓடாத நிலையில் ஒரு பென்லி காபரேட்டர் 4,000 ரூபாவுக்குக் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். 2,000 மட்டும் பிணையாக வாங்கினால், எடுத்தவர் பழசை வைத்துக்கொள்வதே அவருக்கு இலாபம். யாரையும் குறை சொல்ல முடியாது, அந்த வாசலைத் திறந்து வைத்ததே நாங்கள்தான். 10,000 கேட்டால் ஆள் பயந்துவிடுவார், அல்லது "இவன் பழசில் பிழை சொல்லிக் காசை விழுங்கப் பார்க்கிறான்" என்று நினைப்பார். 5,000 சரியாக இருக்கும்.

சொந்தக்காரரிடமும் கூட்டாளியிடமும் கேட்க வெட்கமாகத்தான் இருக்கும். கேளுங்கள். எனக்கு இன்றுவரை திரும்பி வராத இரண்டு பிரேக் ஷூவும் ஒரு சொந்தக்காரர் வீட்டில்தான் கிடக்கின்றன, ஒவ்வொரு கலியாண வீட்டிலும் அவரைப் பார்க்கிறேன், கேட்க வாய் வருவதில்லை. மூன்று நான்கு தடவை ஒழுங்காக மாற்றியவரிடம் பாதியாகக் குறைப்பது வேறு விசயம், அதை அவரே சம்பாதித்திருக்கிறார்.

முதலில் எழுத்து, பிறகு காசு

தொலைபேசியில் கதைத்து முடித்தாலும், கதைத்ததை வாட்ஸ்அப்பில் ஒரு தடவை எழுதி அனுப்பி, அவர் "ஓம், சரி" என்று பதில் போட்ட பிறகே அடுத்த அடி வைக்கிறேன். நான் அனுப்புவது கிட்டத்தட்ட இப்படி இருக்கும்:

"அண்ணன், சீ.டி. 125 காபரேட்டர் ஒன்று. உடம்பில் உள்ள இலக்கத்தின் படம் மேலே இருக்கு. கூலியும் சாமானும் 6,500. தபால் ரசீதுப்படி. பிணைக்காசு 5,000. உங்களுக்குக் கிடைத்த நாளிலிருந்து 14 நாளுக்குள் உங்கட பழசைத் தபாலில் போடுங்க, தபால் முத்திரைத் திகதிதான் கணக்கு. உடம்பு, பௌல், ஸ்லைட், ப்ளோட் நாலும் இருக்க வேணும். ஊத்தை, தேய்வு பிரச்சினை இல்லை. வெடிப்பு, உடைவு இருந்தால் கழிப்பேன், எவ்வளவு என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். பழசு கிடைத்து இரண்டு நாளுக்குள் காசு உங்கட கணக்குக்கு வரும். சரியா?"

பௌல் என்பது காபரேட்டரின் அடியில் பெற்றோல் தேங்கும் கிண்ணம், ஸ்லைட் காற்றுவழியைத் திறந்து மூடும் துண்டு, ப்ளோட் அந்தக் கிண்ணத்தில் மிதக்கும் துண்டு. கழிக்கும் ஒழுங்கைப் பின்னால் சொல்கிறேன். செய்தி நீளமாகத் தெரியலாம். ஒருமுறை எழுதி வைத்துக்கொண்டால் பெயரையும் தொகையையும் மாற்றினால் போதும். "எந்த நாளிலிருந்து 14 நாள்" என்பதை விட்டுவிடாதீர்கள். அனுப்பிய நாளா, கிடைத்த நாளா என்று கேள்வி வரும். தபால் முத்திரைத் திகதியைக் கணக்காக எடுப்பதற்கும் காரணம் இருக்கிறது. இடையில் போயா விடுமுறை வரும், தபால் ஊழியர் வேலைநிறுத்தம் வரும், கார்த்திகை மார்கழியில் மழை கொட்டினால் எங்கள் பக்கத்து வீதிகள் வெள்ளத்தில் தாழும். அவர் நேரத்துக்குத் தபாலில் போட்டிருந்தால், வழியில் ஆன தாமதத்துக்கு அவரைத் தண்டிக்கக் கூடாது.

காசு வந்த பிறகு

வங்கிக் கணக்குக்கு மாற்றச் சொல்லுங்கள். குறிப்பு எழுதும் இடத்தில் 'பிணை' என்று ஒரு சொல் போடச் சொன்னால் பின்னர் தேட இலகு. அனுப்பிய படத்தை மட்டும் பார்த்து நம்பாதீர்கள், உங்கள் கணக்கில் காசு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள், பிறகு பெட்டியைக் கட்டுங்கள். பெட்டியைக் கொடுக்கும்போது காசு வாங்கும் முறையில் பிணைக்காசைச் சேர்ப்பது எனக்குப் பிடிப்பதில்லை. காசு என் கைக்குச் சேர நாள் எடுக்கும், ஏதும் பிசகினால் இரண்டு பேருக்கு நடுவில் மூன்றாவதாக ஒரு ஆளும் வந்து நிற்பார்.

இப்போது நான் செய்த பெரிய மடத்தனம். முதல் வருடத்தில் மூன்று பேரின் பிணைக்காசு, 15,000 ரூபா, வீட்டுச் செலவுக் கணக்கிலேயே கிடந்தது. கணக்கில் காசு இருக்கிறதே என்ற தைரியத்தில் வண்டிக்குப் பின் டயர் போட்டேன், மின்சாரப் பில்லும் கட்டினேன். அதே கிழமை இரண்டு பழசு ஒன்றாக வந்து சேர்ந்தன. 10,000 திருப்ப வேண்டும், கணக்கில் இருப்பதோ மூவாயிரத்துச் சொச்சம். மனைவியின் சீட்டுக்காசில் வாங்கித்தான் அனுப்பினேன். "ஆக்கள்ற காசில டயர் போட்டீங்களா?" என்று அவள் ஒரு தடவைதான் கேட்டாள், அது போதுமாக இருந்தது.

பிணைக்காசு உங்கள் கையில் இருந்தாலும் உங்கள் காசு இல்லை. அதற்கென்று ஒரு சேமிப்புக் கணக்கைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், அதன் ஏ.டி.எம். அட்டையைப் பேர்சில் வைக்காதீர்கள். கணக்குத் திறக்க விருப்பமில்லையென்றால் காசாக எடுத்து ஆளின் பெயர் எழுதிய உறையில் போட்டு அலுமாரியில் வையுங்கள். கூடவே ஒரு சீ.ஆர். கொப்பி: பெயர், சாமான், இலக்கம், பிணைத்தொகை, அனுப்பிய திகதி, பதிவுத் தபால் இலக்கம், பழசு வந்த திகதி, காசு திருப்பிய திகதி. ஒருவருக்கு ஒரு வரி. முடிந்த வரியைச் சிவப்புப் பேனையால் வெட்டுவேன். வெட்டாத வரிகளின் பிணைத்தொகையைக் கூட்டினால் தனிக் கணக்கில் உள்ள காசோடு ஒத்துவர வேண்டும். மாதத்தில் ஒரு ஞாயிறு இதைப் பார்த்தால் போதும்.

படமும் அடையாளமும்

இதில் சோம்பல் படாதீர்கள். அக்கரைப்பற்றில் ஒரு காக்காவோடு (முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம்) நடந்ததைச் சொல்கிறேன். அவரிடமிருந்து வந்த பழசின் பௌலில் மயிர்க்கோடு மாதிரி ஒரு வெடிப்பு.

"காக்கா, பௌல் வெடிச்சிருக்கு."

"என்ட கையில இருக்கக்குள்ள வெடிப்பு இல்ல தம்பி. தபால்ல அடிபட்டிருக்கும்."

"பெட்டி நசுங்கல்ல காக்கா."

"அப்ப நான் பொய் சொல்றனா?"

அதற்கு மேல் கதைக்க என்ன இருக்கிறது? அவர் கழற்றியபோது எடுத்த படமில்லை, நான் பெட்டி திறந்தபோது எடுத்த வீடியோவும் இல்லை. முழுக் காசையும் திருப்பி அனுப்பினேன். அவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம்.

அன்றிலிருந்து அனுப்ப முன் ஆறு படம்: நான்கு பக்கம், உடம்பில் அடித்திருக்கும் இலக்கம் கிட்டத்தில், பௌல் கழற்றிய உட்புறம். படங்களைப் பெறுபவருக்கும் அனுப்பிவிடுவேன். உடம்பில் கண்ணுக்கு எளிதில் படாத ஓர் இடத்தில் பஞ்ச் உளியால் ஒரு சின்னப் புள்ளி குத்தி வைப்பேன். பூட்டிப் பார்த்துவிட்டு "இது சரிவரல்ல" என்று புதுசைத் திருப்பி அனுப்புகிறவர்களும் உண்டு, அப்போது வந்தது நான் அனுப்பியதுதானா என்று அந்தப் புள்ளி சொல்லும். அவரும் தன் பழசை வண்டியில் இருந்து கழற்றிய உடனே இதே ஆறு படத்தை எடுத்து அனுப்ப வேண்டும், கழுவ முன்னமே. கழுவும்போதுதான் பாதிப் பேர் எதையாவது உடைக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். ஜப்பான் வண்டிகளின் ஸ்டார் ஸ்குரூ பார்க்க நம் கடை ஸ்குரூ டிரைவருக்குப் பொருந்துவது மாதிரி இருக்கும், பொருந்தாது. அவர்களுடைய அளவு ஜே.ஐ.எஸ். எனும் ஜப்பான் தர முறை. சாதாரண டிரைவரால் அமுக்கித் திருகினால் நழுவித் தலையைத் தின்றுவிடும், பிறகு துளை போட்டுத்தான் எடுக்க வேண்டும். கல்லடி, பாசிக்குடா போன்ற கடற்கரைப் பக்கத்து வண்டிகளில் உப்புக்காற்று பட்டு உலோகத்தில் வெள்ளைப் பொடி பூத்து, ஸ்குரூ உள்ளேயே இறுகியிருக்கும். "கழற்ற வராவிட்டால் விட்டுவிடுங்க, அப்படியே அனுப்புங்க" என்று எழுதிய பிறகு உடைந்த ஸ்குரூ வருவது வெகுவாகக் குறைந்துவிட்டது.

பெட்டி கட்டுதல்

முதலில் பெற்றோல். தீப்பற்றும் பொருளைத் தபாலில் அனுப்பக் கூடாது. காலியென்று நினைத்த காபரேட்டரிலும் பௌலின் அடியில் கொஞ்சம் தேங்கி நிற்கும். நான் ஒருமுறை அவசரத்தில் கட்டிக் கொண்டுபோன பெட்டியைத் தபால் கந்தோரில் கவுண்டரில் இருந்தவர் கையில் எடுத்ததுமே மூக்கைச் சுளித்தார். "தம்பி, பெற்றோல் மணக்குது. காய வைச்சுக் கொண்டு வாங்க." பின்னால் வரிசையில் நின்ற அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பௌலைக் கழற்றி ஊற்றி, துணியால் துடைத்து, ஒரு முழு நாள் நிழலில் காற்றாட வைத்து, மணந்து பார்த்த பிறகே கட்டுங்கள். பழசை அனுப்பும் ஆளுக்கும் இதை மறக்காமல் சொல்லுங்கள்.

சாமானைப் பொலித்தீனில் சுற்றி ஒட்டி, அதன்மேல் குமிழ்த்தாள், பிறகு கெட்டியான அட்டைப் பெட்டி. பெட்டியைக் குலுக்கினால் சத்தம் வரக்கூடாது, வந்தால் பழைய பத்திரிகையைக் கசக்கி அடையுங்கள். மழைக்காலத்தில் பெட்டிக்கு வெளியேயும் ஒரு பொலித்தீன் போடுவது நல்லது. முகவரியில் தபால் குறியீட்டு இலக்கத்தை விடாதீர்கள்: மட்டக்களப்பு 30000, அம்பாறை 32000, கல்முனை 32300, அக்கரைப்பற்று 32400. பிரதான வீதி என்ற பெயர் எல்லா ஊரிலும் இருக்கிறது. முகவரியை ஒரு துண்டில் எழுதிப் பெட்டிக்கு உள்ளேயும் போடுங்கள், வெளியே ஒட்டியது நனைந்து கிழிந்தாலும் உள்ளே இருப்பது உதவும்.

இன்னொன்று, எனக்கு நன்றாக வேலை செய்தது. திரும்பி வரவேண்டிய பெட்டியையும் நானே ஆயத்தம் செய்து அனுப்புகிறேன். என் முகவரி எழுதிய துண்டு, கொஞ்சம் ஒட்டுநாடா, "இதே பெட்டியில் போட்டு அனுப்புங்க" என்ற ஒரு வரி. பழசை அனுப்பாமல் இழுத்தடிப்பவர்களில் பலருக்குக் காரணம் பெட்டி தேட அலுப்பு, அவ்வளவுதான்.

பதிவுத் தபாலில் போட்டு, ரசீதைப் படம் எடுத்து அன்றே அனுப்பிவிடுங்கள். ரசீதைக் கொப்பியில் ஒட்டுங்கள். திரும்பும் வழிக்கான செலவு பழசை அனுப்புகிறவருடையது என்பதே எங்களுக்குள் வழக்கம்.

பழசு வந்த அன்று

வெட்டாத பெட்டியிலிருந்து வீடியோ தொடங்க வேண்டும். நான் விறாந்தை மேசையில் வெள்ளைத் துணி விரித்து, போனைப் போத்தலில் சாய்த்து வைத்துவிட்டு, ஆறு பக்கமும் காட்டி, பிறகு வெட்டுவேன். இலக்கத்தை அவர் அனுப்பிய படத்தோடு ஒப்பிட்டு, பௌலைக் கழற்றி உள்ளே பார்ப்பேன். பத்து நிமிட வேலை.

கழிப்பதற்கு நான் வைத்திருக்கும் ஒழுங்கு இது. ஊத்தை, காய்ந்த பெற்றோல் பிசின், தேய்ந்த ஊசி, அடைபட்ட ஜெட், உப்புப் பூத்த உடம்பு, இவற்றுக்கு ஒரு சதமும் கழிக்க மாட்டேன். நல்லதாக இருந்தால் ஏன் மாற்றப்போகிறார்? பௌல் இல்லை, ஸ்லைட் இல்லை என்றால் அந்தத் துண்டை நான் வெளியில் வாங்கும் விலையைக் கழிப்பேன், கடைப் பில்லைக் காட்டுவேன். உடம்பிலேயே வெடிப்பு, பூட்டும் காது உடைவு, அல்லது வேறு வண்டியின் சாமான் என்றால் பிணைக்காசு திரும்பாது, அவர் விரும்பினால் அந்தச் சாமானை அவர் செலவில் திருப்பி அனுப்புவேன். அவர் கழற்றிய உடனே எடுத்த படத்தில் அந்த வெடிப்பு இருந்து, நான் அதைப் பார்த்து "சரி, அனுப்புங்க" என்று சொல்லியிருந்தால் கழிப்பில்லை. பார்த்துச் சொன்னது நான்தானே.

கழிப்பதாக இருந்தால் காசு போட முன்னர் அழைத்துச் சொல்லுங்கள். வீடியோவை அனுப்பி, அவர் பார்த்த பிறகு கதையுங்கள். குறைந்த தொகை திடீரென்று கணக்கில் ஏறுவது ஆளை அவமானப்படுத்துவது மாதிரி. கழிப்பு இல்லையென்றால் இரண்டு நாள்கூட வேண்டாம், அன்றைக்கே போட்டுவிடுங்கள். காசு மாற்றும் கட்டணத்தை நானே ஏற்பேன். 5,000 என்று சொல்லி வாங்கினால் 5,000 போய்ச் சேர வேண்டும்.

தொலைந்தால், இழுபட்டால்

பதிவு ரசீது இருந்து பெட்டி வழியில் தொலைந்தால் முதலில் ரசீதோடு போட்ட தபால் கந்தோரில் விசாரணைக்கு எழுதிக் கொடுங்கள். ஒரு மாதம் பார்த்தும் வராவிட்டால் நட்டத்தை இரண்டு பேரும் பாதி பாதியாகப் பிரிப்போம் என்பதை முதல் செய்தியிலேயே எழுதிவிடுங்கள். ரசீது இல்லாமல் சாதாரணத் தபாலில் போட்டவர் முழு நட்டத்தையும் ஏற்க வேண்டும். இதைக் கடுமை என்று சிலர் சொல்வார்கள். பதிவுக்குக் கட்டும் சொற்பக் காசை மிச்சம் பிடிப்பவரின் நட்டத்தில் நான் ஏன் பங்கெடுக்க வேண்டும்?

பழசு வராமல் நாள் நகர்ந்தால் பத்தாவது நாள் ஒரு ஞாபகச் செய்தி, பதினாலாவது நாள் ஓர் அழைப்பு. "தம்பி, மழை விட்டதும் கழற்றுறன்" என்றால் திகதியை நீட்டி எழுத்தில் வாங்குங்கள். கருத்து வேறுபாடு முற்றினால் இருவருக்கும் தெரிந்த ஒரு கராஜ்காரரிடம் படங்களையும் வீடியோவையும் காட்டி அவர் சொல்வதைக் கேட்பது எங்கள் வழக்கம். அதுவும் சரிவராத பெரிய தொகைக்கு மத்தியஸ்த சபை இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்தது, அங்கே சட்டத்தரணி வைத்து வாதாட வேண்டியதில்லை. எனக்கு இதுவரை அங்கே போகும் தேவை வரவில்லை. போனாலும் கையில் இருக்க வேண்டியது அதே வாட்ஸ்அப் செய்தியும் ரசீதும்தான்.

பதிலே வராவிட்டால் 60 நாள் வைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு பிணைக்காசு பழசின் விலையாகிவிடும் என்று கடைசிச் செய்தி போட்டு, அந்தக் காசில் வேறு பழசு ஒன்று வாங்கிச் சங்கிலியைத் தொடருவேன். இப்படி முடித்த ஒரு வரிக்குப் பதினொரு மாதம் கழித்துத் திருகோணமலையிலிருந்து ஒரு பெட்டி வந்தது. ஆள் வெளிநாடு போய்விட்டாராம், தம்பிக்காரன் வீட்டை ஒதுக்கும்போது கண்டெடுத்திருக்கிறான். நான் அனுப்பிய அதே பெட்டி, நான் எழுதிய அதே முகவரித் துண்டு, ஒட்டுநாடாகூட மிச்சம். உள்ளே ஒரு குறையும் இல்லை. அவனுக்கு அழைத்துக் கணக்கைச் சொல்லி, அன்றைய விலைக்கு அதை வாங்கிக்கொண்டு, கொப்பியில் புதிதாக ஒரு வரி எழுதினேன்.